கனரக லாரிக்கு ஷாக் அப்சார்பர்: அளவெடுப்பதில் இருந்து நட்டை முறுக்குவது வரை

ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டும் என்று முடிவானதும் பெரும்பாலானவர்கள் விசாரிப்பது, எந்தக் கம்பெனி நல்லது, ஹார்டா சாஃப்டா என்பதைத்தான். கனரக லாரியில் புது ஷாக் சீக்கிரமே செத்துப்போனால் அதற்குக் கம்பெனி காரணமாக இருப்பது குறைவு. நீளம் தவறியிருக்கும், வண்டி நிற்கும் உயரம் மாறியிருக்கும், இல்லையென்றால் ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ்ஷை, அதாவது ஷாக்கை மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பரை, முறுக்கியிருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் அளவு டேப்புக்குத்தான் முதல் இடம். பிராண்டு அப்புறம்.

ஷாக்கின் வேலை என்ன

பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் போடுகிற ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கும் பிஸ்டன், ஆயிலைச் சிறு துளைகள், வால்வுகள் வழியாகத் தள்ளுகிறது. அந்தத் தடையில் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளிக்காற்றில் போய்விடுகிறது. அதனால் "வண்டி ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டது, ஷாக் மாற்றிவிடலாம்" என்பது வீண் செலவு. உயரம் இறங்கியிருந்தால் பார்க்க வேண்டியது பட்டை ஸ்பிரிங்கை, அல்லது ஏர் சஸ்பென்ஷனில் காற்று நிரம்பின பையான ஏர் பெல்லோவை.

லாரியில் இரண்டு விதமான ஆட்டம் உண்டு. பாடியும் சேசிஸும் மெதுவாக, வினாடிக்கு ஏறக்குறைய 1.5 முதல் 2.5 முறை ஏறி இறங்கும். டிரைவர் உணர்வது இதைத்தான். இன்னொன்று ஆக்சிலும் சக்கரமும் மட்டும் வினாடிக்குச் சுமார் 10 முறை துடிப்பது. இதை யாரும் உட்கார்ந்த இடத்தில் இருந்து கவனிப்பதில்லை. ஆனால் டயரைத் தின்பதும், பிரேக் போடும்போது சக்கரத்தைத் தரையிலிருந்து துள்ளவிட்டு நிற்கும் தூரத்தைக் கூட்டுவதும் இந்த இரண்டாவது ஆட்டம்தான். சக்கரம் துள்ளினால் பிடிமானம் விட்டு விட்டுக் கிடைக்கும், ஏபிஎஸ்ஸும் அடிக்கடி குறுக்கே வந்து பிரேக்கைத் தளர்த்தும்.

புது ஷாக்கைக் கையில் வாங்கியதும் அமுக்கிப் பார்த்து, "சுலபமாக உள்ளே போகிறதே, இது வேலைக்காகாது" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. அது அப்படித்தான் இருக்க வேண்டும். பொதுவாக விரியும்போது கொடுக்கும் தடை, அமுங்கும்போது கொடுப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். மேட்டில் ஏறும் சக்கரத்தைத் தாராளமாக விட்டுவிட்டு, அமுங்கின ஸ்பிரிங் திரும்ப எகிறுவதை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட அமைப்பு அது.

ஷாக் எவ்வளவு முக்கியம் என்பது சஸ்பென்ஷனைப் பொறுத்தது. பழைய பாணிப் பல பட்டை ஸ்பிரிங்கில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஓரளவு ஆட்டத்தை அடக்கிவிடும். அதனால்தான் சில லாரிகளின் பின் ஆக்சிலில் ஷாக்கே இருக்காது. பாரபோலிக் ஸ்பிரிங்கில் பட்டைகள் குறைவு, இடைவெளியும் உண்டு, உரசல் மிகக் குறைவு. ஏர் சஸ்பென்ஷனில் உரசல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, முழுப் பொறுப்பும் ஷாக் தலையில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில் ஓட்டு ஆக்சிலின் (என்ஜின் சுழற்றும் ஆக்சில்) ஸ்பிரிங், ஏர் சஸ்பென்ஷனுக்கு நிகராகச் சாலையைக் காப்பது என்று ஏற்கப்பட, ஆட்டம் வினாடிக்கு 2 முறைக்கு மேல் போகக் கூடாது, தணிப்பு, அதாவது ஆட்டத்தை அடக்கும் திறன், ஒரு முறைகூட ஆடாமல் அடங்கத் தேவையான அளவில் 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அதோடு ஷாக்குகளைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், மிஞ்சும் தணிப்பு முன்பு இருந்ததில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. அதாவது தணிப்பில் பாதியாவது ஷாக்கிலிருந்து வர வேண்டும், பட்டைகளின் உரசலை நம்பிப் பயனில்லை. ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் செத்த ஷாக்கோடு ஓடுவது எவ்வளவு மோசம் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா

கார்க்காரர்கள் செய்வதுபோல பானெட்டை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுவது லாரியில் நடக்காது. இங்கே நம்பகமான சோதனை சூடு. மேடு பள்ளம் உள்ள சாதாரணச் சாலையில் 15, 20 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, இறங்கின உடனே பாருங்கள். முதலில் பக்கத்தில் இருக்கும் சேசிஸ் இரும்பைத் தொட்டு அதன் சூட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஷாக்கின் கீழ் உடம்பருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். சட்டென்று பிடிக்க வேண்டாம், கை வெந்துபோகும் அளவுக்குச் சூடாக இருக்கலாம். சேசிஸைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் ஷாக் வேலை செய்கிறது. ஒரே ஆக்சிலில் ஒன்று சூடாகவும் இன்னொன்று சேசிஸ் போலவே சில்லென்றும் இருந்தால், சில்லென்று இருப்பதுதான் செத்தது. கை வைக்க விருப்பமில்லையென்றால் தூர நின்று சூடு காட்டும் கருவி போதும், ஆனால் அதைத் தூசிக் கவசத்தின் மேல் காட்டாமல் ஆயில் இருக்கும் குழாயின் மேல் காட்ட வேண்டும். மழையில் ஓடி வந்த வண்டியிலும், வழவழப்பான நெடுஞ்சாலையில் வந்த வண்டியிலும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

ஆயில் கசிவைப் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. சீலின் உதடு காய்ந்துபோகாமல் இருக்க, ராடில் மெல்லிய ஆயில் படலம் ஒட்டி வரத்தான் செய்யும். அது ஆவியாகி உடம்பின் மேல் பகுதியில் படிந்து, தூசியும் சேர்ந்து கறுப்பாகத் தெரியும். இது கசிவு இல்லை. ஆயில் கோடாக வழிந்து கீழ்க் கண்வரை (போல்ட் நுழையும் வளையம்) ஈரமாகச் சொட்டினால்தான் கசிவு. சந்தேகமாக இருந்தால் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். மேலே இருக்கும் ஸ்டீயரிங் ஹோஸிலிருந்து சொட்டின ஆயிலுக்கு ஷாக் பழி சுமப்பதும் நடக்கும்.

டயரையும் உள்ளங்கையால் சுற்றித் தடவிப் பாருங்கள். தேய்மானம் அலை அலையாக, கிண்ணம் கிண்ணமாக இருந்தால் ஷாக் மேல் சந்தேகம் வரலாம். ஆனால் பேரிங் லூஸ், பேலன்ஸ் இல்லாத சக்கரம், காற்று குறைவு ஆகியவையும் இதே அடையாளத்தை விடும். சூடு சோதனையும் டயரும் ஒரே பக்கத்தைக் காட்டினால்தான் முடிவுக்கு வர வேண்டும்.

கிலோமீட்டர் கணக்கும் உண்டு. சில தயாரிப்பாளர்கள் ஏறக்குறைய 2,40,000 கிமீ என்று சொல்வார்கள். நல்ல சாலையில் ஓடுகிற வண்டிக்கு அது ஒரு கணக்கு. குவாரியிலும் கட்டுமான இடத்திலும் ஓடுகிற வண்டிக்கு அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இடையில் ஒன்று. "வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது" என்று டிரைவர் சொன்னதும் ஆக்சில் ஷாக்குக்குப் போய்விடாதீர்கள். கேபினுக்குத் தனி ஷாக், சீட்டுக்குத் தனி ஷாக் இருக்கிற வண்டிகள் பல. லோடு சரியாக வருகிறது, டயர் சரியாக இருக்கிறது, டிரைவர் முதுகு மட்டும் வலிக்கிறது என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

பழைய ஷாக் என்ன சொல்கிறது

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இது. பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். பழைய ஷாக் எப்படிச் செத்தது என்று தெரியாமல் புதிதைப் போட்டால், அதுவும் அதே வழியில் போகும்.

மேல் கண் பிய்ந்திருக்கிறதா, ஊசி முனை (சில ஷாக்குகளில் கண்ணுக்குப் பதிலாக இருக்கும், நட்டு போடும் மரை முனை) இழுபட்டு அறுந்திருக்கிறதா, மேல் பிராக்கெட் விரிசல் விட்டிருக்கிறதா? அப்படியென்றால் ஷாக் அளவுக்கு மேல் விரிக்கப்பட்டிருக்கிறது. ஏர் சஸ்பென்ஷனில் உயரத்தைச் சரியாக வைக்கும் லெவலிங் வால்வு தவறி வண்டி அதிக உயரத்தில் நின்றால் இதுதான் நடக்கும். வால்வின் கம்பியைச் சரிசெய்யாமல் இங்கே ஷாக் வாங்கக் கூடாது.

ராடு வளைந்திருந்தாலோ, அடிப்பகுதி உள்ளிருந்து நசுங்கிப் பிதுங்கியிருந்தாலோ, ஷாக் அடியோடு அமுங்கி இடித்திருக்கிறது. ஆக்சில் மேலே போய் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் காணாமல் போயிருக்கும், பட்டை படுத்திருக்கும், அல்லது முன்பு ஒருவர் நீளமான ஷாக்கைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

புஷ் ரப்பர் ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தால் மேல் கீழ் பிராக்கெட்டுகள் நேர்கோட்டில் இல்லை. சுற்றிலும் திருகின மாதிரி கிழிந்திருந்தால், ஆக்சில் தொங்கின நிலையில் போல்ட் முறுக்கப்பட்டிருக்கிறது. ராடில் நீளவாக்கில் கீறல் இருந்தால் கல், மண், அல்லது பொருத்தும்போது யாரோ பிளையரால் பிடித்திருக்கிறார்கள். குழாயில் சப்பை இருந்தால் டயரோ ஹோஸோ உரசியிருக்கலாம், ஜாக்கி முட்டியிருக்கலாம்.

அளவெடுப்பது

வண்டியின் மாடல், ஆக்சில், சஸ்பென்ஷன் மூன்றும் தெரிந்து பழைய பார்ட் நம்பரும் வாசிக்க முடிந்தால் வேலை சுலபம். ஆனால் அந்தப் பழையது கம்பெனியிலிருந்து வந்ததுதான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இரண்டு மூன்று கை மாறின வண்டியில் நேரில் அளப்பதே நல்லது.

மட்டமான தரையில் வண்டியை நிறுத்தி, ஓட்ட உயரத்தில், அதாவது வழக்கமாக ஓடும்போது நிற்கும் உயரத்தில், மேல் கண் நடுவிலிருந்து கீழ்க் கண் நடுவரை அளந்துகொள்ளுங்கள். உதாரணமாக 520 மிமீ வருகிறது. ஆக்சிலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் இடையில் 80 மிமீ இருக்கிறது, ரப்பர் இன்னும் 25 மிமீ அமுங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஷாக் நேராக நின்றால் மிகக் குறைந்த தூரம் 520லிருந்து 105 போக 415 மிமீ. ஷாக் முழுக்க அமுங்கின நீளம் இதைவிடக் குறைவாக, கொஞ்சம் பாதுகாப்பும் சேர்த்து 400 மிமீக்குள் இருக்க வேண்டும். இனி சேசிஸைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டால் 610 மிமீ வருகிறது என்றால், முழுக்க விரிந்த நீளம் 625 மிமீயாவது வேண்டும். ஆக, அமுங்கி 400, விரிந்து 625, இரண்டுக்கும் இடையிலான ஓட்டம் 225. இந்த மூன்று எண்களோடு போனால் கடையில் ஏமாற வேண்டியதில்லை.

ஷாக் சாய்ந்து பொருத்தப்பட்டிருந்தால் ஆக்சில் 80 மிமீ ஏறும்போது ஷாக் 80 மிமீ அமுங்காது. செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் ஏறக்குறைய 69 மிமீதான். அதனால் கணக்கைவிட, ஆக்சிலை ஜாக்கியால் ஏற்றி இறக்கிக் கண்ணிலிருந்து கண்ணுக்கு நேரடியாக அளப்பதே மேல். சாய்வு தணிப்பையும் குறைக்கும். 30 டிகிரியில் செங்குத்தான ஷாக்கின் முக்கால் பங்கு, 45 டிகிரியில் பாதி. பிராக்கெட்டை இஷ்டப்படி இடம் மாற்றி வெல்டிங் வைத்துவிட்டு, புது ஷாக்கில் பவர் இல்லை என்று சொல்வதில் நியாயம் இல்லை.

மேலே சொன்ன கணக்கு பட்டை ஸ்பிரிங் வண்டிக்கு. பல ஏர் சஸ்பென்ஷன்களில் கதை தலைகீழ். அங்கே ஆக்சில் எவ்வளவு தொங்கலாம் என்பதை ஷாக்தான் தீர்மானிக்கிறது, பெல்லோ அளவுக்கு மேல் இழுபடாமல் கட்டி வைப்பது அதுவே. நீளமான ஷாக்கைப் போட்டால் அடுத்த முறை வண்டியைத் தூக்கும்போது பெல்லோ பிய்ந்துவிடும். ஆகவே ஏர் சஸ்பென்ஷனுக்கு சஸ்பென்ஷன் தயாரிப்பாளர் சொன்ன விரிந்த நீளம் மட்டும்தான், "கிட்டத்தட்ட இதே அளவு" என்பதற்கு இடமில்லை.

இன்னும் பார்க்க வேண்டியவை கண்ணா ஊசியா, புஷ்ஷின் உள்விட்டம், புஷ் குழாயின் அகலம், உடம்பின் வெளிவிட்டம். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள். பருமனான ஷாக்கில் ஆயில் அதிகம், சூடு தாங்கும், எல்லாம் சரி. ஆனால் பிரேக் சேம்பருக்கும் டயருக்கும் இடையில் அது நுழைய வேண்டுமே.

எந்த வகை

இரட்டைக் குழாய் ஷாக்கில் உள்குழாயில் பிஸ்டன் ஓடும், வெளிக்குழாயில் மீதி ஆயிலும் கொஞ்சம் காற்றோ குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜனோ இருக்கும். விலை குறைவு, வெளிக்குழாய் கொஞ்சம் சப்பையானாலும் பிஸ்டன் ஓடிக்கொண்டிருக்கும். குறை என்னவென்றால் தொடர்ந்து அடிவாங்கும்போது ஆயில் நுரைத்து, தணிப்பு மங்கும். ஒற்றைக் குழாயில் நைட்ரஜன் 20, 30 பார் அழுத்தத்தில் தனி அறையில் அடைபட்டிருக்கும். நுரைக்காது, சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும், எந்தக் கோணத்திலும் வைக்கலாம். ஆனால் குழாயில் ஒரு கல் பட்டுச் சப்பையானால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

என் கணிப்பில், நெடுஞ்சாலையில் ஓடும் சாதாரண லாரிக்கு நல்ல பருமனான, கேஸ் நிரப்பின இரட்டைக் குழாயே போதும். டேங்கர் மாதிரி உயரமான, உள்ளே சரக்கு அலையும் வண்டிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் தணிப்பு பயன்படும். ஷாக் தயாரிக்கும் கோனி போன்ற கம்பெனிகளின் சில கனரக ஷாக்குகளில் தணிப்பைக் கூட்டிக் குறைக்கலாம். கம்பெனி வைத்த அளவிலேயே போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கூட்டுங்கள், எடுத்த எடுப்பில் முழு ஹார்டு வைக்க வேண்டாம். அப்படி வைத்தால் வெற்று வண்டியில் ஆக்சில் மேட்டை விட்டு இறங்கவே நேரமில்லாமல் துள்ளும்.

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டுமா? ஒன்று மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லும் சஸ்பென்ஷன் தயாரிப்பாளர்களும் உண்டு. புதிதாகப் போட்ட ஒன்று கல் பட்டுக் கெட்டது என்றால் அதை மட்டும் மாற்றலாம். ஓடித் தேய்ந்து கெட்டது என்றால் ஜோடியாக மாற்றுங்கள்.

கழற்றுவது

மட்டமான தரை, பார்க்கிங் பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. பட்டை ஸ்பிரிங் வண்டியில் பெரும்பாலும் ஜாக்கியே தேவையில்லை. சக்கரத்தில் நின்றபடியே மாற்றுவதுதான் நல்லது, ஆக்சில் சரியான உயரத்திலேயே இருக்கும். ஏர் சஸ்பென்ஷனில் சேசிஸுக்கு அடியில் கட்டாயம் ஸ்டாண்டு வையுங்கள். ஒரு ஹோஸ் கழன்றாலும் சேசிஸ் மொத்தமும் கீழே இறங்கும், அடியில் படுத்திருப்பவருக்கு நகர நேரம் இருக்காது. சேசிஸ் தூக்கின நிலையில், காற்று உள்ளே இருக்கும்போது ஷாக்கைக் கழற்றாதீர்கள். பெல்லோவைக் கட்டிப் பிடித்திருப்பது அதுதான்.

துருவேறின நட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கும் ஆயிலைத் தெளித்து வையுங்கள். வரவில்லையென்றால் கிரைண்டரால் நட்டை வெட்டி எடுங்கள். கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டவே கூடாது. உள்ளே ஆயிலும் அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜனும் இருக்கின்றன, சூடேறினால் வெடிக்கும். ஊசி முனை வகையில் ராடு சேர்ந்து சுற்றும், அதன் நுனியில் இருக்கும் தட்டையான பகுதியை ஸ்பேனரால் பிடியுங்கள்.

கழற்றினதும் பிராக்கெட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தாலோ, வெல்டிங் ஓரத்தில் முடி போல விரிசல் தெரிந்தாலோ பிராக்கெட்டை மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும்.

பொருத்துவது

இரட்டைக் குழாய் ஷாக் குடோனில் படுத்தே கிடந்திருக்கும், உள்குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். அப்படியே மாட்டினால் முதல் நாள் தொளதொளவென்று ஆடும். வண்டியில் நிற்கிற மாதிரி நேராகப் பிடித்து முழுக்க விரியுங்கள். தலைகீழாகத் திருப்பி முழுக்க அமுக்குங்கள். மறுபடி நேராக்கி விரியுங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்தால், நடுவில் எங்கேயும் வழுக்கிக்கொண்டு ஓடாமல் ஒரே சீராக இழுக்கும். அதன் பிறகு படுக்க வைக்காமல் நேராக நிறுத்தி வையுங்கள். ஒற்றைக் குழாய்க்கு இது தேவையில்லை. கேஸ் ஷாக் விரியாமல் கட்டியிருக்கும் வாரை மேல் பக்கம் மாட்டின பிறகு அறுத்தால், தானாக விரிந்து கீழ் ஓட்டைக்கு வந்து நிற்கும்.

இரட்டைக் குழாயில் ராடும் தூசிக் கவசமும் மேலே, ஆயில் இருக்கும் உடம்பு கீழே. புஷ் நுழையவில்லையென்றால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸும் டீசலும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். ராடைப் பிளையரால் தொடாதீர்கள்.

இரண்டு பக்கமும் கையால் முடிகிற வரை நட்டைப் போட்டுவிட்டு நிறுத்துங்கள். இறுதி முறுக்கு, வண்டி தன் எடையில், ஓட்ட உயரத்தில் நிற்கும்போதுதான். கண் வகைப் புஷ்ஷின் நடுவில் இருக்கும் இரும்புக் குழாய், நட்டை முறுக்கினதும் பிராக்கெட்டோடு இறுகிவிடும். அதன் பிறகு ஷாக் ஆடுவது ரப்பர் திருகுவதால் மட்டுமே. தொங்கின நிலையில் முறுக்கினால், வண்டி இறங்கினதுமே ரப்பர் ஏற்கெனவே முறுகிப்போய் நிற்கும், மேட்டில் இன்னும் முறுகும், சில வாரங்களில் கிழியும். ஏர் வண்டியில் காற்றை ஏற்றி, பெல்லோ மடிப்புகள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, உயரத்தை அளந்துவிட்டு முறுக்குங்கள்.

கண் வகைக்கு டார்க் ரெஞ்சும் வண்டியின் மேனுவலில் இருக்கும் அளவும் வேண்டும், அது மாடலுக்கு மாடல் மாறும். மேனுவல் தனி அளவு சொல்லாத ஊசி வகையில் பார்வையே அளவுகோல். ரப்பர் பிதுங்கி வாஷரின் ஓரத்தைத் தொடும்போது நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் ரப்பர் செத்துவிடும், குறைந்தால் கடகடவென்று சத்தம் வரும். இதற்கு ஏர் கன் உதவாது, அது ராடைச் சுழற்றி உள்ளே பிஸ்டன் நட்டையே தளர்த்திவிடலாம். பூட்டு நட்டு புதிதாகத்தான் இருக்க வேண்டும், கழற்றினதை மறுபடி போடாதீர்கள்.

ஓட்டுவதற்கு முன்னும் பின்னும்

முன் ஆக்சில் என்றால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, டயரும் பிரேக் ஹோஸும் ஷாக்கைத் தொடுகின்றனவா என்று அடியில் இருந்து பாருங்கள். விரலை நுழைக்கிற இடைவெளி நின்ற வண்டியில் போதும்போலத் தெரியும். ஆக்சில் ஏறும்போது அதுவும் சுருங்கும் என்பதை நினைவில் வையுங்கள். முறுக்கின நட்டின் மேல் பெயின்ட் கோடு போட்டுவிட்டால், பிறகு தளர்ந்ததா என்று தூரத்தில் இருந்தே தெரியும்.

ஓரிரு நாள் லோடோடு ஓடின பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை சரிபாருங்கள், ரப்பர் உட்கார்ந்து கொஞ்சம் தளரும். அன்றைக்கே சூடு சோதனையும் செய்துவிடலாம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்க வேண்டும். இப்போதும் ஒரு பக்கம் சில்லென்று இருந்தால் ஷாக்கைக் குறை சொல்வதற்கு முன் புஷ் லூஸாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்த டயர், புது ஷாக் போட்டதும் சரியாகிவிடாது. அதே சத்தமும் அதிர்வும் கொஞ்ச காலம் தொடரும். டயரை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால் அதிர்வும் அதோடு போகிறதா என்று தெரிந்துவிடும்.

கழற்றின பழைய ஷாக்கைப் பழைய இரும்போடு சும்மா எறியாதீர்கள், நெருப்பிலும் போடாதீர்கள். கேஸ் ஷாக் என்றால் அழுத்தத்தை வெளியேற்றத் தயாரிப்பாளர் சொல்லும் முறை ஒன்று இருக்கும், அது தெரிந்தவரிடமே கொடுங்கள். உள்ளே இருக்கும் ஆயில், கழிவு என்ஜின் ஆயில் போகும் பீப்பாயில் போக வேண்டியது, மண்ணில் ஊற்ற வேண்டாம்.